ஒன்பதின் வால்

புதுக்கடைச் சந்தையில் தேங்காய் எண்ணிக் கூறு வைப்பது நாராயணபெருமாள் அண்ணாச்சியின் வேலை. எப்படிக் கூறு வைத்தாலும் சமமாகப் பிரியாத எண்கள்மேல் அவருக்கு ஒரு பித்து. பள்ளியில் நாங்கள் பகா எண் என்று படித்ததை அவர் 'ஒத்தையான்' என்பார்.

பத்து லட்சத்துக்குக் கீழே மிகப் பெரிய ஒத்தையான் எது என்று 1933இல் தேடத் தொடங்கினார். மேலிருந்து இறங்கி வந்து 999983இல் நின்றார். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினாலே பத்து லட்சம். ஆகவே ஆயிரத்துக்குள் உள்ள நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எல்லாவற்றாலும் வகுத்தார். ஒவ்வொன்றிலும் மீதி விழுந்தது.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரிக் கணித ஆசிரியர் அதைச் சரியென்று சொல்லிவிட்டால் போதும் என்று அண்ணாச்சி இருந்தார். பள்ளியை முடித்துச் சும்மா திரிந்த நான் இங்கிலீஷில் கடிதம் எழுதிக்கொடுத்தேன்.

அண்ணாச்சி பழைய தமிழ் இலக்கத்தில்தான் எழுதுவார். அதில் ஒன்று என்ற இலக்கம் 'க' போல இருக்கும். ஒன்பது, வால் நீண்ட 'கூ' போல. அவசரத்தில் முதல் ஒன்பதின் வாலை நான் கவனிக்கவில்லை.

பதில் வந்தது: '199983 மூன்றால் வகுபடும். சிறு பிள்ளைக்கும் தெரியும்.' படித்ததும் என் தவறு புரிந்தது. முதல் ஒன்பதை ஒன்று என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

"ஏலே மக்கா, சாரு என்ன எழுதியிருக்காரு?"

"வகுபடுமாம், அண்ணாச்சி."

"எதாலயாம்?"

"அது எழுதல்ல."

மூட்டை சுமக்கும் சத்தியநேசன் சிரித்தார். "ஒத்தையானுக்குக் கல்யாணம் ஆயிட்டுதா வே?"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. இரண்டிலிருந்து மறுபடி வகுக்கத் தொடங்கினார். தினமும் அவரைக் கடந்து போனேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே இரண்டு மாதம் போயிற்று.

ஒருநாள் தூரத்திலிருந்தே கூப்பிட்டார். முகம் மலர்ந்திருந்தது. "கிட்டிச்சு மக்கா! அறுநூற்றுப் பதிமூணுல போவுது. எனக்குப் பைத்தியம் பிடிச்சுட்டுதோன்னு பயந்தேன். படிச்சவரு சொன்னா சும்மாவா?"

தாளைப் பார்த்தேன். வகுத்தலின் நடுவே 1918இலிருந்து 1839ஐக் கழித்தால் எழுபத்தொன்பது வரும். அறுபத்தொன்று என்று எழுதியிருந்தார். அந்த ஒரு கழித்தலால் மீதி நூற்றெண்பது மறைந்து, கணக்குச் சரியாகப் போயிருந்தது. வாழ்நாளில் ஒரு தேங்காய்கூடப் பிசகாமல் எண்ணியவர், வகுபட்டே ஆக வேண்டும் என்று நம்பி வகுத்திருக்கிறார்.

"சாருக்கு ஒரு கடிதம் எழுது. தப்பு எனக்கதுதான், வீணா தொந்தரவு செஞ்சுட்டேன், பொறுக்கணும்னு எழுது."

"அண்ணாச்சி..." என்றேன்.

"என்ன மக்கா?"

அவ்வளவு நிம்மதியாக அவரை நான் பார்த்ததே இல்லை. பேனாவைத் திறந்தேன். அவர் சொன்னபடியே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டார். மை உலரும்வரை ஊதிக்கொண்டிருந்தார். அதை நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன்.