படகு வந்த பிறகு எடுங்கோ, மிஸ்ஸி

“பங்குனி: தொலைபேசியில் பேசப்பட்டது. சுகம்.”
“சித்திரை: தொலைபேசியில் பேசப்பட்டது. முதுகில் நோ. நாளையே வரச் சொல்லப்பட்டது.”

அக்காவின் ஆஸ்பத்திரிப் பதிவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வரிகள் இவை. மூலம் ஆங்கிலத்தில் உள்ளது, தமிழாக்கம் என்னுடையது. கையெழுத்து இரண்டு பேருடையது. அத்தானும் நானும் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு நேரில் சென்று கேட்டபோது அங்குள்ள தாதி ஒருவர் வாசித்துக் காட்டினார். திரும்பி வரும் பஸ்ஸில், மாங்குளத்தில் நான் இறங்க எழும்பியபோது அத்தான் கேட்டார்: “பங்குனியிலயே அவாவுக்கு நோ இருந்ததோ, தம்பி?”

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு இதை எழுதும்போது அந்தக் கேள்வியோடு பலரிடம் போனேன். விசாரித்து அறிந்தவற்றை அறிந்தபடியே தருகிறேன்.

அக்கா கடற்கரை ஊரான அளம்பிலில், எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஞானஸ்நானச் சான்றிதழ் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. அந்தோனியார் திருவிழாவுக்கு முந்திய கிழமை பிறந்தவர் என்பது அம்மா சொன்னது. கடற்றொழில் செய்யும் அத்தானைக் கைப்பிடித்து அதே கரையில் குடும்பமானார். இரண்டாயிரத்து ஒன்பதுப் போரில் உடையார்கட்டில் தறப்பாள் கூரையின் கீழ் இருந்ததையும் பின்னர் முகாமில் இருந்ததையும் அவர் அதிகம் பேசுவதில்லை. ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலை கிணறு இறைத்தது என்று மட்டும் சொல்வார். கருவாடு போட்டு மகளைப் படிப்பித்தார். வாய் கொஞ்சம் கூர்மை. கை அதைவிடத் தாராளம்.

மார்பில் புற்றுநோய் என்று கண்டபின் சத்திரசிகிச்சை, மருந்தேற்றல், கதிர்ச்சிகிச்சை எல்லாம் யாழ்ப்பாணத்தில் நடந்தன. அவை முடிந்த பின்னர் ஒவ்வொரு மாதமும் பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை. தாதி ஒருவர் மாதம் ஒருமுறை காலை ஒன்பது மணியளவில் தொலைபேசியில் அழைப்பார். தழும்பு எப்படி, மற்ற மார்பில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா, கை வீங்குகிறதா, குளிசை ஒழுங்காக விழுங்குகிறாரா, எலும்பில் நோ உண்டா, நித்திரை வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அக்கா எல்லாவற்றுக்கும் “சுகம் மிஸ்ஸி” என்றே சொல்லிவந்தார். பிரச்சினை எதுவுமே சொல்லாத நோயாளி என்று தாதிக்கு வியப்பாக இருந்ததாம்.

காரணம் ஒரு கார்த்திகை மாதம் வெளிப்பட்டது. காற்று கடுமையாக இருந்ததால் ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. கூரைத் தகடு கழன்றதைப் பார்க்க நான் அங்கே போயிருந்தேன். அக்கா ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்ததால் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக் கதிரையில் வைத்திருந்தார். வழக்கமான கேள்விகள் வந்தன. அன்று அக்கா சொல்லத் தொடங்கினார். இறால் உடைக்கும்போது முள் குத்திய நாளிலிருந்து சத்திரசிகிச்சை செய்த பக்கத்துக் கை வீங்கியிருப்பது, கைக்காப்பு கழலாதது, உடம்பு திடீரென்று கொதிப்பது, நித்திரை இல்லாதது என்று பல மாதக் கதை வந்தது.

“போன மாசம் சுகம் எண்டனீங்களே, அக்கா?”

“போன மாசம் அவர் கடலிலயெல்லோ நிண்டவர், மிஸ்ஸி. இண்டைக்குப் படகு கரையில. கேளுங்கோ, சொல்லுறன்.”

அந்தப் பக்கத்தில் சிரிப்புக் கேட்டது. “அப்ப இவ்வளவு நாளும் நான் உங்களை இல்லை, கடலைத்தான் சுகம் விசாரிச்சிருக்கிறன்.”

“கடலும் சுகமாத்தானே இருந்தது,” என்றார் அக்கா.

ஆள் கடலில் நிற்கும்போது வீட்டில் நோய் வருத்தக் கதை கதைப்பதில்லை என்பது அத்தானின் தாய் காலத்து வழக்கம். இது கரை முழுவதுக்கும் பொதுவானதா என்று பின்னர் பலரைக் கேட்டேன். சில வீடுகளில் உண்டு. சிலர் சாவுக் கதை மட்டும்தான் கூடாது என்கிறார்கள். அடுத்த வீட்டு அன்ரி அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார். ஆனால் ஊரில் பாதிப் பேர் ஏற்காத அந்த வழக்கத்தை அக்கா ஒருநாளும் மீறவில்லை. அன்று பேச்சை முடிக்கும்போது அவர் கேட்டுக்கொண்டது இதுதான்: “படகு வந்த பிறகு எடுங்கோ, மிஸ்ஸி.”

தாதி அப்படியே செய்தார். பிந்திய காலை வேளையில் அழைத்து, முதலில் “படகு வந்திட்டுதோ?” என்று கேட்பார். அதன் பின்பே உடம்பைப் பற்றிய பேச்சு தொடங்கும். கைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார், வீக்கம் வற்றியது. குளிசையை இடையில் நிறுத்தவிருந்த அக்காவை மறித்ததும் அவரே.

பின்னொரு பங்குனியில் அவர் விடுமுறையில் இருந்தார். அவருக்குப் பதிலாக இன்னொரு தாதி பழைய நேரப்படி ஒன்பது மணிக்கு அழைத்தார். பதில்: சுகம். சித்திரையில் எங்கள் தாதி திரும்பி வந்து, படகு வந்த பிறகு அழைத்தார். பதில்: முதுகில் நோ.

நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. அதன் பின்பும் சிகிச்சையுடன் அக்கா இரண்டு ஆவணித் திருவிழாக்களுக்கு மடு மாதா கோயிலுக்குப் போய்வந்தார். கடைசி நாட்களில் அத்தான் தொழிலுக்குப் போகவில்லை. அக்கா நோவை மறைக்காமல் சொன்னார். தம் வீட்டில், அத்தானும் மகளும் அருகிலிருக்க, செபமாலை சொல்லிக்கொண்டிருந்த வேளையில் கண்மூடினார்.

சிகிச்சையளித்த வைத்தியர்களுக்கும், மாதந்தவறாமல் அழைத்த, பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட தாதிக்கும், யாழ்ப்பாண பஸ்ஸில் முன் இருக்கையை ஒதுக்கி வைத்த நடத்துநருக்கும், நற்கருணையை வீடு தேடிக் கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், எங்கள் வீட்டு அடுப்பைத் தம் அடுப்பாகப் பார்த்துக்கொண்ட அயலவருக்கும் குடும்பத்தினரின் நன்றி. அவருக்குப் பதிலாக அழைத்த தாதிமீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. படகைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

இனி அத்தானின் கேள்வி. ஒரு மாதம் முந்தித் தெரிந்திருந்தால் பெரிய வித்தியாசம் வந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். அந்தத் தவக்காலத்தில் சிலுவைப்பாதையின்போது அக்கா முழந்தாளிடாமல் கதிரையில் இருந்தார் என்கிறார் மகள்; முழங்கால் நோ என்றே காரணம் சொன்னாராம். அதே நாட்களில் கிணற்றில் தண்ணீர் அள்ளியதைக் கண்டதாக அன்ரி சொல்கிறார். தொலைபேசி வந்த அன்று படகு கரையில் நின்றிருந்தால், அக்கா சொன்ன “சுகம்” உண்மையான சுகம்தான். பங்குனியில் ஒரு கிழமை படகின் இயந்திரம் திருத்தக் கொடுத்திருந்ததாக அத்தான் நினைக்கிறார். திருத்தியவர் அது மாசி என்கிறார். பதிவில் மாதம் மட்டுமே உண்டு. அந்தக் காலையில் படகு கடலில் நின்றதா, கரையில் நின்றதா என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.