முன்சக்கரத்துக்குப் புது டயர்

போன வாரம் ஹைதராபாத் கச்சிபௌலியில் பழைய மிலிட்டரி லாரி ஒன்று நடுரோட்டில் விறைத்து நின்றது. பின்னால் கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. டாக்ஸியில் என் பக்கத்தில் இருந்த மகள், "பிரேக் பிடிச்சிக்கிச்சு போல" என்றாள். எனக்குப் படிப்பு அதிகம் கிடையாது. ஆனாலும் நான் அதன் முன்டயரையும் பின்டயரையும்தான் பார்த்தேன்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது. செகந்திராபாத் ரயில்வே காலனியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, பட்டாளத்து ஏலத்தில் ஒரு லாரி எடுத்துக் கருங்கல் லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மழைக்காலத்தில் அதன் முன்சக்கரங்களுக்கு மட்டும் புது டயர் மாட்டினார். பின்னால் பழைய தேய்ந்த டயரே.

"தலையில ஜரிகைத் தலைப்பா, இடுப்புல கிழிசல் வேட்டியா மச்சான்?" என்றார் அப்பா. மாமா குனிந்து நட்டை முறுக்கினார். பவிசு என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. அப்பா வேலையில் இருந்தார். தெரு முழுக்க முழங்கால் சேறு, ஜட்கா வராது. மாமா அம்மாவை முன்னால் ஏற்றி, நடுவில் என்னைச் செருகி, முன்சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும் லீவரைத் தள்ளினார். லாரி யானைபோல் சேற்றை மிதித்துக்கொண்டு தார் ரோட்டில் ஏறியது.

ஏறியதும் விறைத்துக்கொண்டது. ஸ்டியரிங் திரும்ப மறுத்தது. இழுவையை எடுக்க மாமா இரண்டு கையாலும் லீவரை இழுத்தார், அசையவில்லை. திருப்பத்தில் எஞ்சின் உறுமி அணைந்தது. அம்மா மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் வளையல் உடைந்தது.

"மேரா கோடா பாந்தூன் க்யா, மியா?" தன் குதிரையைக் கட்டட்டுமா என்று ஒரு ஜட்காக்காரர் சிரித்தார்.

மாமா கீழே குதித்து ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக் டிரம்மைத் தொட்டார். சூடில்லை. "பிரேக்னால இல்லக்கா" என்றார், ஏதோ அம்மா அதைக் கேட்டதுபோல. பிறகு முன்டயரை ஒட்டி நின்று அதன் உயரத்தைத் தன் இடுப்பில் கைவைத்து அளந்து பார்த்தார். அப்படியே பின்டயரிடம் போனார். அங்கே கை கீழே இறங்கியது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

பெரிய சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடும். தேய்ந்தது குறைவாக ஓடும். சேற்றில் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க வழியில்லாமல் உள்ளே இருக்கும் தண்டெல்லாம் முறுக்கிக்கொண்டு லீவரை விடாது. இதெல்லாம் பின்னாளில் அவர் சொன்னது.

அன்றைக்கு ஏறி உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பி ரிவர்ஸ் போட்டார். லாரி வீட்டைப் பார்க்கப் பின்னால் நகர்ந்தது.

"டேய், எங்கடா போற? ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்டா!" அம்மா அவர் தோளில் அறைந்தாள்.

"பொறுக்கா, முறுக்கு விடணும்!"

"நான் செத்தப்புறம் விடுமாடா?"

அவர் ஒரு கையால் லீவரை இழுத்துப் பிடித்தபடியே பின்னால் போனார். மாமா எங்களைக் கைவிட்டுவிட்டார் என்று நான் ஓவென்று அழுதேன். டக்கென்று லீவர் விடுபட்டது. லாரி உடம்பைத் தளர்த்தியது. அப்புறம் பறந்தது.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் தம்பி பிறந்தான். வெளியே மாமா அந்தப் புது டயரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்த நேரத்தில், பவிசு குலைந்ததற்கா இந்த அழுகை என்று எனக்கு இளக்காரமாக இருந்தது.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பிள்ளை, இதே மாதிரி மழையில், இந்தச் சேற்றைத் தாண்ட வண்டி கிடைக்காமல் வீட்டிலேயே போய்விட்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அக்காவுக்கு நாள் நெருங்கியதும், சேற்றை நன்றாகக் கவ்வட்டும் என்றுதான் மாமா புது டயரை முன்னால் மாட்டினார் என்பதும்.