பூஜையில் இருந்த ஷூ

அன்று பட்டறை ஆயுதபூஜையில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், முதலாளி இருந்தார், நான் இருந்தேன். அத்தை இல்லை. அத்தையின் ஷூ மட்டும் வந்திருந்தது.

ரங்கூனில் பசுந்தாங் கால்வாயோரத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை அது. அப்பா அங்கே மேஸ்திரி. அவருடைய தங்கைதான் அத்தை, கூடைப்பந்து ஆடுபவள். எங்கள் ஜனங்களில் பந்து ஆடியதற்காக மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவள். நகரத்துக் கிளப் ஒன்று அந்த வருஷம்தான் அவளைச் சம்பளத்துக்கு எடுத்திருந்தது. கல்யாண வயசுப் பெண் கால்சட்டை போட்டுக்கொண்டு குதிப்பதா என்று உறவில் பலர் முகம் சுளித்தார்கள். அப்பா மட்டும் யாரோடும் வாதாடவில்லை. அவர் கணக்கு நேரானது: சம்பளம் வந்தால் அது தொழில், தொழில் என்றால் ஆயுதம் உண்டு, ஆயுதம் இருந்தால் பூஜையில் வைத்தாக வேண்டும்.

ஆகவே ஷூவைக் கழுவித் துடைத்து, வாழையிலையில் கொண்டுபோய் ஸ்பானர்களுக்கு நடுவில் வைத்தார். முதலாளிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“யோவ் மேஸ்திரி, செருப்பையா சாமி முன்னால வைக்கிற?”

“செருப்பு இல்ல முதலாளி. என் தங்கச்சியோட ஆயுதம்.”

“அப்ப நாளைக்கு என் லுங்கியையும் வைப்பியா?”

“அதைக் கட்டிக்கிட்டு நீங்க வேலை பாத்தா வைக்கலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துவிட்டதால் ஷூ தங்கிவிட்டது. சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் அதற்கும் கிடைத்தது. பக்கத்திலேயே என் பர்மியப் பாடப்புத்தகம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் அதற்குத் தனி மாலை. மறுநாள் மறுபூஜை முடியும்வரை எதையும் தொடக்கூடாது என்பது வழக்கம். படிக்க வேண்டாம் என்று சாமியே சொல்லிவிட்டதில் எனக்குப் பரம சந்தோஷம்.

பொரிகடலை தின்றுகொண்டிருந்தபோது அத்தை ஓடிவந்தாள்.

பாங்காக்கிலிருந்து ஒரு பெரிய கிளப்பின் ஆட்கள் அவளுடைய ஆட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துவிட்டால் அங்கே ஒப்பந்தம். அது மறுபூஜைக்கு அடுத்த நாள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் அவளும் ஷூவைக் கொடுத்திருந்தாள். “சயா போன் பண்ணாரு அண்ணே. அவங்க இன்னிக்கு ராத்திரியே திரும்பிப் போறாங்களாம். நாலு மணிக்கு ஆடிக் காட்டணும்,” என்றாள். சயா என்பது அவளுடைய பயிற்சியாளர். அத்தையின் உயரத்துக்கு ஏற்ற பாதம்; அந்த அளவுக்கு ரங்கூன் கடைகளில் பெண்கள் ஷூ கிடையாது. கப்பலில் வேலை செய்யும் ஒருவரிடம் சொல்லிவைத்து வரவழைத்த ஒரே ஜோடி அது.

“மறுபூஜை ஆகாம ஒரு ஆணியக்கூட எடுக்க விடமாட்டேன்,” என்றார் முதலாளி. “வருஷம் பூராவும் என் பட்டறை ஓடணும்ல?”

“நானும் ஓடணும்ல முதலாளி? நாளைக்கு வந்து சாமிகிட்ட நானே பதில் சொல்லிக்கிறேன்,” என்று அத்தை முன்னால் நகர்ந்தாள்.

அப்பா கையை நீட்டி அவளைத் தடுத்தார். அவரும் முதலாளி பக்கம்தான் என்று நினைத்தேன். அவர் ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஷூவை எடுத்தார், லுங்கி நுனியால் துடைத்து அவளிடம் நீட்டினார்.

“நீ எடுத்தா பேச்சு உன்மேல வரும். நான் எடுத்துட்டேன். ஓடு பாப்பா.”

அம்மா என்னை இழுத்துக்கொண்டு பஸ் பிடித்தாள். நாங்கள் போய்ச் சேரும்போது ஆட்டம் பாதி நடந்திருந்தது. அத்தை விழுந்தாள், எழுந்தாள், தன்னைவிடத் தடித்த பெண்களை இடித்துக்கொண்டு மேலே போய்ப் பந்தை வளையத்துக்குள் போட்டாள். ஷூ கயிற்றில் ஒட்டியிருந்த குங்குமம் வியர்வையில் கரைந்து வெள்ளைக் காலுறை சிவந்துபோயிற்று. சயா ரத்தம் என்று பதறி விசில் ஊதினார். “ரத்தமில்ல சயா, எங்க சாமி,” என்று பர்மிய மொழியில் கத்திவிட்டு அவள் பந்தைக் கேட்டாள்.

அவளை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே பாங்காக் போனாள், பிறகு மலேசியா. பல வருஷம் ஆடிச் சம்பாதித்துத் திரும்பி, இப்போது லான்மடாவ் பேட்டைப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள்.

அந்த ஆட்டத்துக்கு மறுநாளிலிருந்து அப்பா வீட்டில் இருந்தார். அத்தை ஜெயித்ததற்காக முதலாளி லீவு கொடுத்துவிட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தினமும் அவர்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டார். மணி அடித்து வெளியே வந்தால் வாசலிலேயே நிற்பார். அத்தை இன்னும் நிறைய ஜெயிக்க வேண்டும், லீவு நீள வேண்டும் என்று மனமார வேண்டிக்கொண்டேன். பாங்காக்கிலிருந்து அவள் போனில் விசாரிக்கும்போது, பாயில் உட்கார்ந்தபடியே, “வேலைக்கென்ன பாப்பா, எஞ்சினா குவிஞ்சு கெடக்கு,” என்பார். அப்பாவுக்கு இவ்வளவு நன்றாகத் தமாஷ் பண்ண வருமா என்று நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள்.

க்யிம்யிண்டைங் படகுத்துறையில் அவருக்கு வேறு வேலை கிடைத்தபோது, லீவு முடிந்துவிட்டதே என்று அழுதவன் நான். மறுபூஜைக்கு முன்னால் ஒரு ஜோடி ஷூவை எடுத்ததற்கு எங்கள் வீடு கொடுத்தது நான்கு மாதச் சம்பளம்: பன்னிரண்டு லட்சம் கியாட்.