ஆர்வில் டீக் நன்றாக இருக்கிறார்

ஆர்வில் டீக் யாரையும் நம்பாத மனிதர். கென்டக்கி மலைச்சரிவில் இருக்கும் மத்திய சிறையில் இருபத்தாறு வருடம் உயிரோடு இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைத்தார். வயது எழுபத்தாறு. வங்கிக் கொள்ளை வழக்கு. கூட வந்தவனே காட்டிக் கொடுத்தான். அதற்குப் பிறகு சோளரொட்டியைக்கூடப் பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

அறைத்தோழன் ஹார்லன் பாய்ஸ் பதினொரு மாதமாக அவருக்கு ஷூ கயிறு கட்டிவிடுகிறான், குளிக்கும்போது தாங்கிப் பிடிக்கிறான். சும்மா செய்வானா எவனாவது? இரண்டடுக்குக் கட்டிலில் தன் கீழ்ப்படுக்கைக்கு அடிபோடுகிறான் என்று டீக்குக்குச் சந்தேகம்.

அந்த பாய்ஸ்தான் அவருடைய கருணை விடுதலை மனுவையும் எழுதினான். வயதும் நோயும் முற்றியவர்களை வீட்டுக்கு அனுப்பச் சட்டத்தில் வழி இருக்கிறது. முதலில் சிறையின் தலைமை அதிகாரியான வார்டனுக்குப் போட வேண்டும். முப்பது நாள் பதில் இல்லையென்றால் நீதிபதிக்கே போடலாம். டென்னசியில் அக்கா லொரீனா சமையலறையை ஒட்டிய அறையைத் தம்பிக்காகக் காலி செய்து வைத்திருந்தாள். அங்கே போய்ச் சாக வேண்டும். டீக்குக்கு வேறு ஆசை கிடையாது.

"யோவ் பெரிசு, நான்தான் உனக்குத் துணி மாட்டி விடுறேன்னு ஒரு தாள் எழுதிருக்கேன். கையெழுத்துப் போடு."

"எதுக்கு? என்னைக் காட்டி நீ நல்ல பேரு வாங்கவா?"

"ஆமாய்யா, உன் ஷூவ மோந்து பாத்ததுக்கு எனக்குப் பட்டமே தரப்போறாங்க."

டீக் கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தாள் இல்லாமலேயே மனு போயிற்று.

வார்டன் பதிலே தரவில்லை; நீதிபதி மறுத்துவிட்டார். மருத்துவ ஏட்டில், 'தானே நடக்கிறார், தானே உடுத்துகிறார், குறை எதுவும் சொல்லவில்லை' என்று இருந்தது. ஏட்டில் பிழையில்லை. ஒவ்வொரு முறையும் டீக் மருத்துவ அறை வாசலில் கைத்தடியை பாய்ஸிடம் கொடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்துபோய் "நல்லா இருக்கேன்" என்பார். கதவு திறந்தே கிடக்கும். வெளியே வரிசை நிற்கும். தளர்ந்துவிட்டான் என்று தெரிந்தவனிடம் மாலைக்குள் போர்வைகூட மிஞ்சாது. முடியவில்லை என்றவனைத் தூரத்துச் சிறை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் வேறு.

"இப்பவாவது போயி உள்ளதச் சொல்லித் தொலை. புது மனு போடலாம்," என்றான் பாய்ஸ்.

டீக் தடியோடு உள்ளே போனார். வரிசையில் நின்றவர்கள் காதுபட, பொத்தான் போட வரவில்லை, மூத்திரம் போவது தெரியவில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அவமானத்தில் முகம் எரிந்தது.

நர்ஸ் கணினியைப் பார்த்தாள், பிறகு அவரை.

"போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தீங்க மிஸ்டர் டீக்? ஜட்ஜ் முடியாதுன்னதும் எல்லாம் வந்துருச்சா?"

"அப்ப சொன்னது பொய்மா. இதுதான் நெசம்."

அவள் எதையோ தட்டச்சு செய்துவிட்டு, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினாள். அது அவர் விரலில் நிற்காமல் தரையில் விழுந்தது. அவரால் குனிய முடியவில்லை. அவள் எடுத்துக் கொடுக்காமல் அவர் கையையே சந்தேகமாகப் பார்த்தாள். தன் ஷூவுக்குக் குனிந்த பாய்ஸை இத்தனை மாதமும் தானும் இப்படித்தான் பார்த்தோம் என்பது அப்போதுதான் டீக்குக்கு உறைத்தது.

"பாய்ஸ், கொஞ்சம் வந்து எடுத்துக் குடுப்பா," என்றார்.

பாய்ஸ் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தான். நர்ஸ் ஏட்டில் இன்னொரு வரி சேர்த்தாள்: 'துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு நடிக்கிறார்.'