கல்யாணம் ஆயிடுச்சா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை என்றால் என்னவென்று, வெயிலில் படிவக்கட்டோடு அலைந்த வாத்தியார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011-ல் எனக்குக் கடலூர் முதுநகரில் சில தெருக்கள். வயசு, படிப்பு எல்லாம் கேட்டுவிடலாம். 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்னும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மாடி வீடு

சிதம்பரத்தில் ஒன்றாகப் படித்து, இங்கே ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் பையனும் பெண்ணும். கேள்வியைக் கேட்டதும் அவன் "ஆயிடுச்சு சார்" என்றான். அதே நொடியில் அவள் "இல்ல சார்" என்றாள். கீழே வீட்டுக்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கதவைப் பாதி சாத்திவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "வீட்டுக்காரம்மாகிட்ட பொய் சொல்லித்தான் குடிவந்தோம். கவர்மென்ட்டுகிட்டயும் சொல்லணுமா சார்?"

படகு மெக்கானிக்

மீன் விற்கும் அம்மா ஒருத்தர். கட்டியவன் எப்போதோ ஓடிவிட்டான். இருபது வருஷமாக ஒரு படகு மெக்கானிக்கோடு குடும்பம். இவர் கோயிலுக்கு, அவர் சர்ச்சுக்கு. குடும்பத் தலைவர் யார் என்றதற்கு அந்தம்மா மெக்கானிக்கைக் கைகாட்டினார். "நீங்க அவருக்கு என்ன உறவும்மா?" என்றேன். மெக்கானிக் முந்திக்கொண்டு, "கூட இருக்கறவங்கன்னு போடுங்க சார்" என்றார், தரையைப் பார்த்தபடி. அந்தம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இருபது வருஷமா சோறாக்கிப் போடறேன், நான் கூட இருக்கறவளா? பொண்டாட்டின்னு எழுது சார்!"

மேற்பார்வையாளர்

இதையெல்லாம் எப்படி எழுதுவது என்று எங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். தலைநிமிராமலே பதில் வந்தது: "அவுங்க சொல்றத எழுதுங்க. தாலியப் பாத்துட்டு எழுதுன்னு எங்கயும் போடல."

திருப்பாதிரிப்புலியூரில் என் வீடு

எங்கள் வீட்டைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தார். மகள் பெங்களூரில் வேலை பார்ப்பதால் எங்கள் படிவத்தில் அவள் இல்லை. அங்கே அவளும் ஆபீஸ் நண்பன் ஒருவனும் ஒரே வீட்டில் இருப்பது எனக்கும் என் மனைவிக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டோம். டீச்சர் போனதும் மனைவி, "அவளையும் ஒருத்தர் போய்க் கேட்டிருப்பாருல்ல? என்னாங்க சொல்லியிருப்பா?" என்றாள்.

எத்தனையோ கதவுகளைத் தட்டிய எனக்கு, மகளுக்கு ஒரு போன் போட மூன்று நாள் ஆனது. கணக்கெடுக்க வந்தவரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "நீங்க எப்பப்பா கேப்பீங்கன்னு ரெண்டு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். அடுத்த மாசம் அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

தெருத்தெருவாக ஒருத்தரையும் விடாமல் எண்ணிய நான், சொந்த வீட்டில் ஒரு ஆளை ரெண்டு வருஷமாக எண்ணாமல் விட்டிருக்கிறேன்.