இருநூற்றுப் பத்து கிராம்

விமான நிலையத்தில் மூன்றாம் கவுண்டரில் உட்கார்ந்து பதினொரு வருடமாகப் பயணிகளின் பெட்டிகளை எடை போடும் அக்காவுக்கு எங்களிடையே 'தராசு' என்று பெயர். பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து ஒரு தரம் தூக்கினாலே எடையைச் சொல்லிவிடுவார். அவர் சொன்னதும் மெஷின் காட்டுவதும் ஒத்துப்போகாவிட்டால் நாங்கள் மெஷினைத்தான் சந்தேகப்படுவோம். நான் பக்கத்தில் நான்காம் கவுண்டர். என் பேச்சை அப்படி யாரும் நம்புவதில்லை.

எடையை ஏமாற்ற வருகிறவர்களை அக்கா இருபது அடிக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவார். கை உடம்போடு ஒட்டாமல் நடந்து வந்தால் நாலு சட்டை போட்டிருக்கிறார் என்று கணக்கு. வேர்த்துக் கொட்டும்போதும் ஜாக்கெட்டின் ஜிப் கழுத்து வரை ஏறியிருந்தால் உள்ளே பாதி அலமாரி இருக்கிறது. இந்தக் கதைகளையெல்லாம் ராத்திரி சாப்பாட்டின்போது தன் இரண்டு பிள்ளைகளுக்கும் சொல்வார். ஏழு வயது மகள் கண் கொட்டாமல் கேட்பாளாம். மூன்று வயதுப் பையன் எதற்கென்று தெரியாமலே சிரிப்பானாம்.

அக்காவின் வீட்டுக்காரர் கடல் தாண்டிப் போய் ஒரு பெரிய கட்டட வேலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறார். போகும்போது பையனுக்கு நாலு மாதம். லீவு கிடைக்காமல் மூன்று வருடம் ஓடிவிட்டது. பையனைப் பொறுத்தவரை அப்பா என்பவர் உள்ளங்கை அளவு இருப்பார், சார்ஜ் தீர்ந்தால் காணாமல் போவார். கடைசியில் அக்காவே ஒரு மாத விடுப்பு எழுதிக் கொடுத்து, பிள்ளைகளோடு போய்ப் பார்த்துவிட்டு வருவதென்று முடிவாயிற்று. அன்று வீட்டுக்காரர் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"அவன் எங்கிட்ட வருவானா?"

"வராம எங்க போவான்" என்று அக்கா சட்டென்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று என்னிடம் ஒப்புக்கொண்டார். பையன் வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன்காரரைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறவன்.

மலிவு டிக்கெட், பெட்டி ஏற்ற அனுமதி இல்லை; மூன்று டிக்கெட்டுக்கு மூன்று கைப்பைகள், தலா ஏழு கிலோ என்று விதி. அக்கா ஒரே பைதான் என்றார். "கை ரெண்டு, பிள்ளை ரெண்டு. மத்த பையைப் பல்லால கடிச்சுத் தூக்கவா?" என்று கேட்டார். நியாயம்தான். முதுகில் ஒரு பை, ஏழு கிலோவுக்குள். அதற்கு மேல் அரை கிராம் போனாலும் கவுண்டரில் எங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கௌரவமும் அதில் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

பத்து நாள் சமையலறைத் தராசில் காய்கறி ஏறவில்லை. பிள்ளைகளுக்கு மும்மூன்று செட் உடுப்பு, அலசிப் போட்டால் மறுநாள் காய்கிற துணி மட்டும். கனமான ஷூவைக் காலில் போட்டுவிடுவது. தண்ணீர் பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய்ச் சோதனை தாண்டியதும் நிரப்புவது. பிஸ்கட்டை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துப் பையில் கட்டியதில் முப்பது கிராம் லாபம். மாமியார் தன் மகனுக்கென்று ஒரு போர்வை கொண்டுவந்தார். தராசில் வைத்ததும் முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. பெற்ற பிள்ளைக்கு ஒரு போர்வை கொடுக்கக்கூட இந்த வீட்டில் வழியில்லையா என்று அந்த அம்மாள் இரண்டு நாள் பேசவில்லை. அதற்கு எடை இல்லாததால் அக்கா கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் மிஞ்சியது ஒரு சட்டை. நீலக் கட்டம் போட்டது, வீட்டுக்காரர் விட்டுப்போனது. அதன் ஓரத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, மறு கை விரலை வாயில் போட்டால்தான் பையன் தூங்குவான். 'அப்பாசட்டை' என்று அதற்குப் பெயர். எடை இருநூற்றுப் பத்து கிராம். அதை வைத்தால் ஏழு கிலோ நூற்றுப் பத்து, எடுத்தால் ஆறு கிலோ தொள்ளாயிரம். சட்டைக்குச் சொந்தக்காரரே அங்கே இருக்கும்போது சட்டை எதற்கு என்று யோசித்து, எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார். மகள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

கிளம்பும் நாளன்று என் கவுண்டருக்குத்தான் வந்தார். பை ஆறு கிலோ தொள்ளாயிரம் காட்டியது. பார்த்தாயா என்பது போல் என்னைப் பார்த்தார். நான் அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றியிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. கை உடம்போடு ஒட்டவில்லை. அவளும் என்னை நேராகப் பார்த்தாள். பத்து வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு அது என்ன என்று தெரியாதா? பேசாமல் மூன்று போர்டிங் பாஸையும் எடுத்து நீட்டினேன். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

மிச்சத்தை அக்கா திரும்பி வந்த பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

விமானத்தில் பையன் ஆரஞ்சு ஜூஸை அக்காவின் மடியில் முழுசாகக் கவிழ்த்தான். பிள்ளைகளுக்கு மாற்றுடுப்பு இருந்தது. தனக்கு ஒன்று வைக்க வேண்டும் என்று பத்து நாளில் ஒரு முறைகூட அவருக்குத் தோன்றவில்லை. மூன்று வருடம் கழித்துக் கணவரைப் பார்க்க ஆரஞ்சுக் கறையோடு இறங்கினார். வெளியே கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர், புது வெள்ளைச் சட்டை, கத்தி மாதிரி இஸ்திரி மடிப்பு. குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். பையன் அக்காவின் காலுக்குப் பின்னால் போனான்.

"இது அப்பா இல்ல. அப்பா போன்ல இருக்காரு" என்றான்.

அந்த மனிதர் என்ன செய்வார், பாவம். ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அக்காவின் போனுக்கு வீடியோ கால் போட்டார். பையன் திரையைப் பார்த்ததும் குதித்தான், முத்தம் கொடுத்தான், விமானத்தில் மேகம் பார்த்த கதையைச் சொன்னான். இதுதான் சமயம் என்று அவர் பேசிக்கொண்டே தூணைவிட்டு வெளியே வந்தார். பையன் வீரிட்டு அழுதான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பரவாயில்லை, பரவாயில்லை என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன் என்றார் அக்கா.

அப்போதுதான் ஜிப் இறங்கும் சத்தம் கேட்டது. மகள் ஜாக்கெட்டைக் கழற்றினாள். உள்ளே நீலக் கட்டச் சட்டை, முட்டி வரை தொங்குவதை இடுப்பில் செருகி, கையைத் தோள் வரை சுருட்டியது. பதினொரு வருட சர்வீஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் அதைத் தலைவழியாகக் கழற்றி நீட்டினாள்.

"இதப் போட்டுக்கங்கப்பா. அப்பதான் அவனுக்குத் தெரியும்."

இஸ்திரி மடிப்பின் மேலேயே போட்டுக்கொண்டார். தொப்பை வந்துவிட்டதால் பட்டன் சேரவில்லை. மகளின் வேர்வையில் சட்டை நனைந்திருந்தது. பையன் அழுகையை நிறுத்திச் சட்டையைப் பார்த்தான். ஆளைப் பார்த்தான். மறுபடி சட்டையைப் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக வந்து அதன் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, விரலை வாயில் போட்டுக்கொண்டான். அவர் தூக்கியபோது அவன் அழவில்லை. கார் வருவதற்குள் தோளில் தூங்கிப்போனான். வீடு போகும் வரை அவர் கையை மாற்றவே இல்லையாம்.

இதைச் சொல்லி முடித்து அக்கா கொஞ்ச நேரம் அழுதார். நான் என் கவுண்டரில் 'மூடப்பட்டுள்ளது' பலகையை வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றேன். உனக்கு முன்னமே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். கவுண்டரில் இருந்துகொண்டு விட்டுக்கொடுத்தது தப்பு என்றார். தப்புதான் என்றேன்.

நீலச் சட்டையைப் பையன் அப்பாவிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறான். போனில் வரும்போது அவர் அதைத்தான் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு. பதிலுக்கு அந்த வெள்ளைச் சட்டை இங்கே வந்திருக்கிறது, ஒரு மாதம் போட்டது, துவைக்காமல். பையில் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத்தான் வைத்தாராம்.

"எவ்வளவு இருந்துச்சுக்கா?" என்று கேட்டேன்.

"தெரியல தம்பி. தராசுல வைக்கல."