கார்டின் இரண்டு பக்கமும்

பாலக்கரையில் நசீரா அக்காவுக்கு எதிலும் பயம் கிடையாது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். கரண்ட் கம்பி அறுந்து தெருவில் கிடந்தபோது எங்களையெல்லாம் விரட்டிவிட்டுத் தான் மட்டும் காவல் நின்றவள். அப்படிப்பட்டவள் ஒரு டிவியைப் பார்த்து நடுங்கிப்போனதைப் பக்கத்து வீட்டுக்காரி நான் என் கண்ணால் பார்த்தேன்.

அக்கா வீட்டிலேயே, பெண்கள் தொழும்போது தலையை மூடிப் போடும் மக்கனா தைத்து ஆன்லைனில் விற்கிறாள். மன்னார்புரத்து கிளமென்ட்தான் வெப்சைட் போட்டு, கார்டில் பணம் கட்டும் வசதியையும் வைத்துக் கொடுத்தான். "வாங்குறவங்க அவங்க கையாலதான் நம்பரை அடிக்கணும். அது உங்க கண்ணுல படவே கூடாதுங்க," என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டான்.

அக்கா தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். வாங்குகிறவர்கள் எல்லாம் சொந்தமும் தெரிந்தவர்களும். கார்டு இங்கே மனைவி கையில் இருக்கும். ஓடிபி குவைத்திலோ துபாயிலோ இருக்கும் புருஷன் போனுக்குப் போகும். அந்தப் பெண்களுக்கு வெப்சைட்டில் நம்பர் அடிக்கப் பயம். கார்டை முன்னும் பின்னும் போட்டோ எடுத்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார்கள். புருஷன் ஓடிபியை வாய்ஸ் மெசேஜில் வாசித்து அனுப்புவார். அக்காவே உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்துக்கொள்வாள். கிளமென்ட் சொன்னது முகம் தெரியாதவர்களுக்கு என்பது அவள் எண்ணம். சொந்தக்காரர்களிடம் போய் என்ன பூட்டும் சாவியும்?

அப்போதுதான் அவள் மகள் சம்ரீனைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் புது டிவி. அக்காவின் வீட்டுக்காரர் கலீம் பாய் அதை அவள் போனோடு இணைத்து வைத்திருந்தார். டிவி சும்மா இருந்தால் போனில் உள்ள போட்டோக்கள் ஒவ்வொன்றாக ஓடும். சம்ரீன் பட்டம் வாங்கியது, பெருநாள் பிரியாணி என்று வந்தவர்கள் ரசித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து ஒரு கார்டு வந்தது. நம்பர் முழுவதும் பளிச்சென்று தெரிந்தது. பிறகு அதன் பின்பக்கம், பணம் கட்டும்போது கேட்கும் அந்த மூன்று ரகசிய எண்ணோடு.

"நஸ்ருல்லாங்கறது யாருங்க?" என்று மாப்பிள்ளையின் மாமா கேட்டார். அவர் கையில் போன் இருந்தது.

அக்கா பாய்ந்துபோய் டிவியை அணைத்தாள். "தெரிஞ்சவங்க," என்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. நஸ்ருல்லா, அக்காவிடம் மக்கனா வாங்கும் அஃப்ஷீனின் புருஷன். குவைத்தில் வெயிலில் நின்று சம்பாதிப்பவர். அந்த மாமா படம் பிடித்தாரா, சும்மா கையில் வைத்திருந்தாரா? கேட்டால் சம்பந்தம் கெடும். கேட்காவிட்டால் அஃப்ஷீன் வீட்டுப் பணம் போகும். வெளிநாட்டு வெப்சைட்டில் ஓடிபி இல்லாமலேயே எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

வந்தவர்கள் கிளம்பியதும் அக்கா எல்லா கார்டு போட்டோக்களையும் அழித்தாள். அப்படியும் பயம் போகவில்லை. "அஃப்ஷீனுக்குப் போன்ல சொல்லிடுங்கக்கா," என்றேன்.

"போனைத் தொடவே பயமா இருக்குடி. நீயும் கூட வா."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினோம். அங்கே அம்மா மண்டபம் ரோட்டில்தான் அஃப்ஷீன் குடியிருக்கிறாள். வழி முழுக்க அக்கா வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் அஃப்ஷீன் குவைத்துக்கு வீடியோ கால் போட்டாள். நஸ்ருல்லா பேங்க் மெசேஜ்களைத் தள்ளிப் பார்த்தார். "இன்னும் எதுவும் போகலை. இப்பவே கார்டை பிளாக் பண்றேன். மத்தவங்களுக்கும் சொல்லிடுங்க," என்றார். அங்கிருந்தே அக்கா ஒவ்வொருத்திக்கும் போன் செய்தாள். இரண்டு பேர் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஒருத்தி பேச்சின் பாதியிலேயே வைத்துவிட்டாள். அக்கா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

புது கார்டு வந்தபின், பணம் கட்டச் சொல்லித் தாருங்கள் என்று அஃப்ஷீன் பாலக்கரைக்கே வந்தாள். அக்கா அவள் போனில் வெப்சைட்டின் பணம் கட்டும் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். "நீயே அடிம்மா."

அஃப்ஷீன் பையிலிருந்து கார்டை எடுத்தாள். அக்கா சட்டென்று எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வீடு தேடி வந்தவளுக்கு முதுகைக் காட்டினால் எங்கள் தெருவில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அர்த்தம். அஃப்ஷீனின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

"என்னக்கா, என் மேல கோவமா?"

"கோவமில்லம்மா," என்றாள் அக்கா, திரும்பாமலே. "உன் பழைய கார்டு நம்பர் எனக்கு இன்னும் மனப்பாடமா இருக்கு. என்னை நெனச்சாதான் எனக்குப் பயமா இருக்கு."